பன்னிரண்டு மணிக்கு அடைபட்ட வாசல்

ஒரே பட்டிமன்ற மேடையில் இரண்டு அணிகளுக்கும் தலைமை தாங்கி, நடுவராகவும் அமர்ந்து தீர்ப்பு வழங்கியவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைப் பெருமையாகவே சில மாதங்கள் சொல்லித் திரிந்தேன்.

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஆலை, மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்புகிறது. துணியை நெய்து தருபவர்கள் இங்கும் திருவில்லிபுத்தூரிலும் சிறு சிறு தறிக்கூடங்கள் வைத்திருப்பவர்கள். ஆலை பெரும்பொருள் செலவிட்டு ஓர் ஏ.பி.ஐ. மேலாண்மைத் தளத்தை வாங்கியபோது, அதன் நிறைகுறைகளைத் தறிக்காரர்களுக்கு விளக்கும் பொறுப்பு கணினிப் பிரிவுக்கு வந்தது. பிரிவில் என்னைவிட அனுபவம் மிக்கவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் அவர்களுக்கு நா உலர்ந்துவிடும். எனக்கோ எட்டாம் வகுப்பிலிருந்தே மேடை பழக்கம். நான் வென்ற கோப்பைகள் அலமாரியில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியிலும் குடியிருந்தன.

“ரெண்டு பக்கமும் நீயே பேசிரும்மா. தீர்ப்பையும் நீயே சொல்லிரு. நமக்கு ரெண்டு பொன்னாடை மிச்சம்” என்றார் எங்கள் மேலாளர்.

கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் நடந்தது. மூன்றாம் வரிசையில் என் அக்கா அமர்ந்திருந்தாள். அத்தான் இராணுவத்தில் எல்லைப் பகுதியில் இருக்கிறார். திருவில்லிபுத்தூரில், செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில், எட்டுத் தறிகளையும் அவற்றை ஓட்டும் பெண்களையும் வைத்துக்கொண்டு அக்கா தனியாகத் தொழில் நடத்துகிறாள். ஆண்டுக்கு இருமுறை ஆலை பங்கிட்டுத் தரும் அரையாண்டு வேலைதான் அந்தத் தறிகளுக்கு மூச்சு. அது கிடைக்காவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் பெண்கள் வேறிடம் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்ப அழைத்து வருவது எளிதன்று.

முதல் அணிக்காக நான் எழுந்தேன். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேட்டுப் பதில் வாங்குகிற வாசலுக்குப் பெயர்தான் ஏ.பி.ஐ. என்று தொடங்கினேன். மருத்துவமனை ஆர்டர் போட ஒரு வாசல், லாரிக்காரர் சரக்கைப் பற்றி விசாரிக்க ஒரு வாசல், தறிக்காரர் வேலை கேட்க ஒரு வாசல் என்று ஆலைக்குப் பல வாசல்கள் இருந்தன. சிலவற்றுக்குப் பூட்டே கிடையாது. இந்தத் தளம் அத்தனைக்கும் முன்னால் ஒரே தலைவாசலைக் கட்டிவிட்டது. உள்ளே வர ஒரு சாவி வேண்டும். எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சாவி. எந்தச் சாவி எப்போது வந்தது, என்ன கேட்டது என்பதை நொடி பிசகாமல் அது குறித்துக்கொள்ளும். குறித்ததை ஆலை முதலாளியே நினைத்தாலும் அழிக்க முடியாது. ஒருவர் ஓயாமல் தட்டிக் கொண்டிருந்தால் மற்றவர்க்கு வழி அடைபடும் அல்லவா? அளவுக்கு மீறித் தட்டும் சாவியை ஒரு மணி நேரம் ஒதுக்கி நிறுத்திவிடும். மண்டபம் கைதட்டியது.

பிறகு எதிரணிக்கு மாறினேன். விலை அதிகம். கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் ஊரில் இல்லை. விதிகளில் ஒரு சிறு மாற்றம் செய்வதென்றாலும் வெளியூரில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். தலைவாசல் ஒன்றே என்பதால், அது அடைபட்டால் எல்லாமே அடைபடும். இவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு நடுவர் நாற்காலியில் அமர்ந்து, “நிறைகள் தளத்தினுடையவை; குறைகளோ இன்னும் பழகாத நம்முடையவை” என்று தீர்ப்பளித்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து வயதான தறிக்காரர் ஒருவர் எழுந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “இம்புட்டு அழகாப் பேசுதியே அம்மாயி, அந்த வாசல்ல நம்ம மொகத்தைப் பாத்து ‘வாங்க’ன்னு சொல்ல ஒரு ஆள் நிப்பானா?” என்று கேட்டார்.

“முகம் பார்க்கும் வாசலில் முகம் தெரிந்தவர் மட்டுமே நுழைவார் ஐயா. சாவி பார்க்கும் வாசலில் எவரும் நுழையலாம்” என்றேன்.

அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான். கேட்டவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். வெளியே வந்ததும் அக்கா என் தோளில் இடித்தாள். “ஏட்டி மேடைக்காரி, அவரு கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே?” என்றாள். சொன்னேனே என்றேன். “கைதட்டு வாங்குன. பதில் சொல்லல” என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

புதிய முறையில் வேலை பங்கிடும் நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. காலை பத்தரைக்கு வாசல் திறக்கும். ஒரு மணிக்கு மூடும். முதலில் கேட்பவருக்கு முதலில் வேலை. நேரத்தைக் குறித்தது தலைமை அலுவலகம். பத்தரைக்கு நான் டேஷ்போர்டின் முன் அமர்ந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அந்தத் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். பத்தரை கடந்தது. கோடு தரையோடு படுத்திருந்தது. பதினொன்றாயிற்று. வெளிமாவட்டத்துத் தறிக்கூடங்களிலிருந்து மட்டும் அவ்வப்போது சிறு மேடுகள் எழுந்தன. நம் ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அஞ்சிச் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

மேலாளர் தேநீரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியையும் பார்த்தார். “வெள்ளிக்கெழமைல்லா? பத்தரை பன்னெண்டு இராகுகாலம். அரை வருசத்து வேலையை எவன் இப்பப் போயி கேப்பான்? எங்க வீட்ல இந்நேரத்துக்குப் புதுச் சோப்பைக்கூடப் பிரிக்க மாட்டாக. பன்னெண்டு அடிக்கட்டும், வந்து விழும் பாரு” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதே ஒன்று உறைத்தது. பன்னிரண்டு அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். எந்தெந்தச் சாவிகளோடு வருவார்கள் என்று பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். நம் பகுதித் தறிக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சாவிதான் வழங்கப்பட்டிருந்தது.

நடந்ததை ஊகிக்க நெடுநேரம் ஆகவில்லை. பஜாரில் ஜெராக்ஸ் எடுத்து, மொபைலுக்கு ரீசார்ஜ் செய்து, ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர்தான் தறிக்காரர்களுக்கு ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார். தமிழில் இருந்தது, அழுத்த ஒரே பொத்தான், எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். ஆளுக்கொரு சாவி கேட்டு விண்ணப்பித்தால் நாளாகும் என்று தம் கடையின் பெயரில் ஒன்றை வாங்கி எல்லோருடைய போன்களிலும் அதையே வைத்துவிட்டார். ஒரு தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய் போதும் என்று நினைக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் தளத்தின் கண்ணுக்கு இரண்டு ஊர்த் தறிக்காரர்களும் ஒரே ஆள். அந்த ஓர் ஆள் பன்னிரண்டு மணிக்கு, ஒரே மூச்சில், நூறு கைகளால் கதவைத் தட்டப்போகிறார்.

“தட்டுற வரம்பைச் செத்த நேரத்துக்கு மட்டும் உயர்த்தச் சொல்வோம் சார்” என்றேன்.

“உயர்த்தலாம். ஆனா இன்னும் ஒண்ணுமே நடக்கலியேம்மா, டிக்கெட்ல காரணம்னு என்ன எழுத?”

தலைமை அலுவலகத்துக்கு வேண்டுகோள் அனுப்பும் அந்த டிக்கெட் படிவத்தில் நான் எழுதினேன். இவ்வட்டாரத்து மக்கள் தொன்றுதொட்டுக் கடைப்பிடிக்கும் காலக்கணக்கு ஒன்றுண்டு என்று தொடங்கி, அதனால் விளையவிருக்கும் நெரிசலை விவரித்து, விதியைத் தளர்த்த வேண்டிய தேவையை நிறுவி, ஆங்கிலத்தில் ஒரு பத்தியை வார்த்தெடுத்தேன். என் எழுத்திலேயே சிறந்தவற்றுள் அதுவும் ஒன்று. காரணம் எழுதும் கட்டத்தில் அதற்கு இடம் போதவில்லை. மூன்றாம் வாக்கியத்தின் நடுவில் தளம் என் சொற்களை வெட்டிவிட்டு மீதியை வாங்க மறுத்தது. சுருக்கி அனுப்பினேன். எங்கோ ஒரு நகரத்தில் இருந்த, தளத்தின் உதவிப் பிரிவுப் பொறியாளர் பணிவாகப் பதில் எழுதினார்: ‘இராகுகாலம் என்பது எந்தச் சேவை? அதன் பதிப்பு எண்ணைத் தெரிவிக்கவும்.’

அது சேவையன்று, ஒரு வழக்கம் என்று எழுதினேன். புரிந்துகொண்டார் போலும். ஒப்புதல் தரவேண்டிய இருவருக்கும் அனுப்பிவிட்டதாகத் தெரிவித்தார். இருவரில் ஒருவர் விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அக்காவை அழைத்தேன். பின்னணியில் எட்டுத் தறியும் ஓடும் சத்தம். அவள் வெளியே வந்து பேசினாள்.

“அக்கா, இப்பவே போட்டுரு. பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருந்தா எல்லாரும் மொத்தமா மாட்டிக்குவீங்க.”

“ஏட்டி, இராகுகாலத்துல போடச் சொல்லுதியா?”

“நீ அதையெல்லாம் நம்பவா செய்யுத?”

“நான் நம்புதேனா இல்லியாங்கது கெடக்கட்டும். தறியில கை வைக்கிறது நானா? இந்தப் பொம்பளையள்லா? போன தடவ ஒரு பாவு இந்த நேரத்துல ஏத்துனோம். அன்னைக்கே ஒருத்திக்கு வெரல் நசுங்கிட்டு. அதுலருந்து வேலை எப்ப எடுத்தீக, எப்ப எடுத்தீகன்னு கேட்டுட்டுத்தான் அவிய உள்ளயே வருதாக.”

நான் வாதிட்டேன். விரல் நசுங்கியதற்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன். வேலை கிடைக்காமற் போனால் அந்தப் பெண்களுக்கே தீங்கு என்பதை வரிசையாக நிறுவினேன்.  நான் முடித்தபின் அக்கா சொன்னாள்:

“நீ பேசுனா எனக்குப் பதில் வராதுட்டி. சின்ன வயசுலருந்தே வராது. பதில் வரலைங்கதுக்காக நீ சொல்லுதது சரின்னு ஆயிருமா? பன்னெண்டு அடிச்சதும் போடுதேன். வை.”

அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். அத்தான் பெயரும் திருமண ஆண்டும்தான். என் கணினியிலிருந்தே, வேறொரு சாவி கொண்டு, அவளுக்காக நானே விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் ஆலையின் ஊழியர் ஒருத்தி தன் உடன்பிறந்தவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தாள் என்பதைத் தளம் நொடி பிசகாமல் எழுதி வைத்துக்கொள்ளும். எவராலும் அழிக்க முடியாதபடி எழுதும். கூட்டத்தில் நான் குரலை உயர்த்திச் சொன்ன வரி அது. அந்த வரி இப்போது என் இரு கைகளையும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மேலாளரும் நானும் திரையைப் பார்த்தபடி நின்றோம். 

பன்னிரண்டு அடித்தது. படுத்திருந்த கோடு எழுந்து செங்குத்தாக நின்றது. திரையின் உச்சியைத் தொட்டது. அவ்வளவுதான், அறுத்துப்போட்டாற்போல் மீண்டும் தரையில் விழுந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்தது: ‘தாக்குதல் முயற்சி தடுக்கப்பட்டது. சாவி ஒரு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.’

முந்திக்கொண்ட நாலைந்து பேருக்கு மட்டும் வேலை கிடைத்திருந்தது. அக்கா அவர்களில் இல்லை.

போன்கள் ஒலிக்கத் தொடங்கின. மண்டபத்தில் கேள்வி கேட்ட அந்த முதியவரும் அழைத்தார். கோபமே இல்லை அவர் குரலில். “அம்மாயி, செவப்பா ஏதோ வருது. நான் ஒரு தடவைதான் அழுத்துனேன். அது என்னமோ ரொம்பத் தடவை அழுத்திட்டேங்குது. நான்தான்னு அதுட்ட செத்த சொல்லேன்” என்றார். யாரிடம் சொல்ல? சொல்லிப் பார்க்கிறேன் ஐயா என்றேன்.

அக்கா கடைசியாக அழைத்தாள். “நீ சொன்ன மாதிரியே ஆயிட்டு” என்றாள். அதைவிட வலிக்கும் சொல் வேறில்லை. வென்ற வாதங்களில் இப்படி ஒன்றை நான் அதுவரை பெற்றதில்லை. “ஒரு மணிக்குத் தெறந்திரும்லா?” என்று கேட்டாள். சாவிக்கு ஒரு மணி நேரத் தடை நீங்கும்போது, வேலை கேட்கும் நேரமும் சரியாக முடிந்துவிடும் என்பதை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு வாசல் மூடியது. எஞ்சிய வேலை முழுவதையும் வெளிமாவட்டத்துத் தறிக்கூடங்களுக்குத் தளமே பிரித்துக் கொடுத்து, அவர்களுக்கு உறுதிச் செய்தியும் அனுப்பிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு விமானத்தில் இருந்தவர் தரையிறங்கி, வரம்பை உயர்த்த ஒப்புதல் அளித்தார்.

அடுத்த வாரம் இயக்குநர் முன்னிலையில் கூட்டம் நடந்தது. தளத்தை விற்ற நிறுவனத்தின் அறிக்கையில், நம் தறிக்காரர்களின் பன்னிரண்டு மணிக் கோடு அழகிய வரைபடமாக இடம்பெற்றிருந்தது. தாக்குதலைத் தளம் நொடிப்பொழுதில் முறியடித்த சான்றாக அதைக் காட்டியிருந்தார்கள். பேச அனுமதி கேட்டேன். அது தாக்குதல் அன்று, வேலை கேட்டு வந்தவர்களின் வரிசை என்றேன். தளத்தின் மீது வெறுப்பில்லாமல்தான் பேசினேன். அந்தக் காவல் இல்லாவிட்டால் மருத்துவமனை ஆர்டர்களும் அன்றைக்குச் சேர்ந்து முடங்கியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. சாவிகளைத் தனித்தனியே தரவேண்டும், நேரத்தை மாற்றவேண்டும், இழந்த வேலையில் ஒரு பகுதியையேனும் திருப்பித் தரவேண்டும் என்று மூன்று வேண்டுகோள்களை வைத்தேன். குரல் தழுதழுக்கும் இடத்தில் தழுதழுத்தது. அதை நான் திட்டமிடவில்லை.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். “ரொம்ப நல்லாப் பேசுதீங்கம்மா” என்றார். “முதல் ரெண்டும் செஞ்சிரலாம். மூணாவது முடியாது. உறுதிச் செய்தி போன பொறவு திரும்ப வாங்குனா நம்ம பேர் கெட்டுரும்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எதிரணியில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கையிருப்பு நூல் தீரும்வரை அக்கா தறிகளை ஓட்டினாள். பின் நான்காகக் குறைத்தாள்; பின் இரண்டாக. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றிலிருந்து பெண்களை ஏற்றிப்போக வேன் வந்தது. ஒவ்வொருத்தியாக வந்து, “நீங்க கூப்ட்டா வந்துருவோம்க்கா” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்கள். ஒரு ஞாயிறு நான் போனபோது எட்டுத் தறிகள் மீதும் பழைய சேலைகள் போர்த்தியிருந்தன. தறி ஓடாத அந்தக் கூடத்தில் எங்கள் பேச்சு எங்களுக்கே உரக்கக் கேட்டது. அத்தான் வீடியோ அழைப்பில் வந்தபோது, கூடத்தைக் காட்டாமல் அக்கா மேற்கே மலைப் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

அடுத்த அரையாண்டு வந்தது. ஆளுக்கொரு சாவி கொடுத்தாயிற்று. அக்காவின் சாவியை நானே அவள் போனில் பதித்தேன். நேரத்தையும் மாற்றிவிட்டார்கள். என் வேண்டுகோளை ஏற்றுத் தலைமை அலுவலகம் குறித்த புதிய நேரம், திங்கட்கிழமை காலை ஏழரை மணி. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகுகாலம். மறுபடியும் டிக்கெட் போட்டேன். நேரம் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லி அதை முடித்துவிட்டார்கள்.

அன்று ஏழரைக்குத் திரையின் முன் அமர்ந்தேன். நம் ஊர்க் கோடு முன்போலவே தரையில் படுத்திருந்தது. ஒன்பது மணிக்குத்தான் எழும்; இம்முறை எவருக்கும் தடை இராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது, ஏழு முப்பத்திரண்டுக்கு, அந்தச் சமதரையில் ஒரே ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது. சாவியைப் பார்க்கவேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

போன் ஒலித்தது.

“விழுந்துட்டுட்டி” என்றாள் அக்கா. “எட்டுத் தறிக்கும் வேலை. தொட்ட ஒடனே பச்சையா வந்துட்டு.”

“ஒன்பது மணி வரைக்கும் பொறுத்திருக்கலாமேக்கா. இந்தத் தடவை ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னேனே?”

“போன தடவை பொறுத்தேன்லா?” என்றாள். “இப்ப வேண்டாம்னு சொல்ல இங்க யாரு இருக்கா? போத்துன சேலைதான் இருக்கு.”  பிறகு அவள் குரல் தணிந்தது. “இனி அவியளையெல்லாம் திரும்பக் கூப்பிடணும். வருவாக. வந்ததும் மொதக் கேள்வி, எப்பக்கா எடுத்தீகன்னுதான் கேப்பாக. உங்க தளத்துல அந்த நேரம் எழுதியிருக்குமோ?”

எழுதியிருக்கும் என்றேன்.

“செத்த மாத்த முடியாதா? ஒன்பதுன்னு?”

திரையில் அந்த நேரம் நொடியோடு நின்றது. அதை மாற்ற எனக்கு அனுமதி இல்லை, இயக்குநருக்கும் இல்லை, எந்த ஊரில் இருக்கும் எவருக்கும் இல்லை. அந்தத் தளத்தின் முதற்பெருஞ்சிறப்பு அதுதான் என்று கைதட்டலுக்கிடையே அறிவித்தவள் நான். போனின் மறுமுனையில் அக்கா காத்திருந்தாள்.

“அப்ப அவிய கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும், மேடைக்காரி?” என்றாள்.

ஒன்பது மணியாயிற்று. நம் ஊர்க் கோடு எழுந்து நின்றது. எல்லோரையும் வாசல் உள்ளே விட்டது. அதுவரை அவளும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.